பழைய மரத்தில் தோட்ட ரயில் கட்டுமானங்கள்: பலகை பொறுக்குவது முதல் பாலம் நிறுத்துவது வரை

மழை ஓய்ந்து வெயில் அடித்த மூன்றாம் நாள், தோட்டத்தில் ஓடவிடும் என் மாதிரி ரயில் பாதையின் முதல் நிலையம் நான்கு சுவராகப் பிரிந்து கிடந்தது. கூரை மட்டும் முழுசாக இருந்தது, தரையில். பழைய வேலிப் பலகையை அறுத்து, வீட்டுக்குள் வைக்கும் பொம்மைக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஒட்டி, நேராக மண்ணில் கொண்டுபோய் வைத்திருந்தேன். மழையைத் திட்டிக்கொண்டே பொறுக்கும்போதுதான் பக்கத்தில் கிடந்த பழைய ஜன்னல் சட்டம் கண்ணில் பட்டது. அதே மழை, அதே வெயில். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது இரண்டு செங்கல்லின் மேல் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நான் கட்டிய எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: இங்கே விழும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வேலையைத் தொடங்காது. நனைந்த மரம் மறுநாளே காய்ந்துவிட்டால் பல வருடம் நிற்கும். நனைந்தது நனைந்தபடியே கிடந்தால் தேக்காக இருந்தாலும் ஒருநாள் உளுத்துப்போகும். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் ஓடும்.

முதல் படி: எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது

பழைய மரத்தில் பாதி வேலை வேண்டாம் என்று ஒதுக்குவதுதான். இலவசமாகக் கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

ஒதுக்க வேண்டியதில் முதலிடம், வேடிக்கைதான், தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே போடும் உண்மையான ரயில்வே ஸ்லீப்பர் கட்டைக்கு. ரயில் பாதைக்கு ரயில் கட்டையே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் பழைய ஸ்லீப்பர்கள் பெரும்பாலும் கிரியோசோட் ஊறியவை. அது தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் அடங்கியது. முழுக் கட்டையாக எங்கோ கிடப்பது வேறு, அதை மெல்லிய குச்சிகளாக அறுத்து அந்தத் தூளை மூச்சில் இழுப்பது வேறு.

அடுத்தது லேசான பச்சை நிறம் ஓடும் பழைய வெளிப்புற மரம்: மேடைத்தளப் பலகை, வேலிக் கம்பம், விளையாட்டுத் திடல் கட்டை. குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் கலந்த காப்பு மருந்து அதில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்தில் இதைப் போடுவது 2003 இறுதியோடு நின்றது. அதற்கு முன் செய்த மரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வயதானால் பச்சை வெளுத்து நரைத்துவிடும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெளிப்புற மரத்தை நான் அறுப்பதில்லை, எரிப்பதும் இல்லை.

பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, ஈயத்தைப் பொடியாக்கி வீடெங்கும் பரப்பிவிடும். ஈயச் சோதனைக் குச்சியில் பார்த்துவிட்டு, சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் எடுத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் எச்.டி. (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி கொல்லப்பட்டது: மரத்தின் மையம்வரை 56 டிகிரி, 30 நிமிடம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரை சுத்தமாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ளதை விடுங்கள், மேலே என்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும்.

இனி எடுக்க வேண்டியது. வைரம் பாய்ந்த மரம். தேக்கு, செடார், ரெட்வுட், சைப்ரஸ் போன்றவற்றின் நடுமரத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஒவ்வாத பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ஓரத்தில் வெளிறிய பட்டையாக ஓடும் வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காவல் கிடையாது. அதே தேக்குப் பலகையின் வெள்ளை மூன்றாம் மழைக்கு மெத்தென்று ஆகிவிடும், அறுக்கும்போதே கழித்துவிடுங்கள்.

ரேகையையும் பாருங்கள். 1:22.5 அளவில், அதாவது நிஜத்தில் 22.5-இல் ஒரு பங்காகக் கட்டினால் 1 செ.மீ. கணு ஒன்று, பொம்மை மனிதன் கண்ணுக்கு 22 செ.மீ. அகலமுள்ள பூதம். வளையங்கள் நெருக்கமாக ஓடும், கணுவில்லாத, ரேகை நேராக உள்ள மரம்தான் சிறிய அளவில் உண்மையாகத் தெரியும். பழைய ஜன்னல் சட்டங்களையும் அறைகலன் கால்களையும் நான் தேடிப்போவது இதனால்தான். சீக்கிரம் வளர்ந்த மரத்தில் அறுத்த பேலட்டில் இது அபூர்வம்.

கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்தது. ஊசித் துளைகளும், தட்டினால் மாவு போலப் பொடியும் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளேதான் குடியிருக்கிறது.

இரண்டாம் படி: அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது

தோட்ட ரயிலில் பெரும்பாலும் ஓடுவது 45 மி.மீ. இடைவெளி உள்ள தண்டவாளம். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, கட்டடம் கட்டுபவர்களைத்தான் அது அதிகம் படுத்தும். தண்டவாளம் ஒன்று, ஆனால் அதன்மேல் ஓடும் வண்டிகளின் விகிதம் பல. 1968-இல் எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் மாதிரி ரயில் பிராண்ட் கொண்டுவந்த 1:22.5 விகிதத்தில் 45 மி.மீ. என்பது மீட்டர் பாதை, அதாவது நிஜத்தில் 1 மீட்டர் இடைவெளி. அதே 45 மி.மீ., 1:20.3-இல் மூன்றடிப் பாதை, 1:32-இல் 1435 மி.மீ. உள்ள தரப் பாதை. இடையில் 1:24, 1:29 என்றும் வண்டிகள் உண்டு. உங்களிடம் இருக்கும் வண்டி எந்த விகிதமோ, கட்டடமும் அதே விகிதத்தில் இருக்கட்டும். கதவு உயரம்தான் கண்ணுக்கு முதலில் உறுத்தும். 2 மீட்டர் கதவு 1:22.5-இல் 89 மி.மீ., 1:32-இல் 62 மி.மீ. இரண்டையும் ஒரே நடைமேடையில் வைத்தால் பாட்டியும் பேத்தியும் போல நிற்கும்.

நான் 1:22.5-இல்தான் கட்டுகிறேன், இனி வரும் எண்கள் எல்லாம் அதற்கே. உண்மையான அளவை மில்லிமீட்டரில் எழுதி 22.5-ஆல் வகுத்தால் போதும். 30 செ.மீ. சதுரத் தூண் 13 மி.மீ. சதுரக் குச்சி. 15 செ.மீ. அகலச் சுவர்ப் பலகை 6.7 மி.மீ. மீட்டர் பாதையின் 1.8 மீட்டர் ஸ்லீப்பர் 80 மி.மீ. நீளம், 9 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன்.

ஓர் இடத்தில் மட்டும் பொய் சொல்லலாம், தடிமனில். 25 மி.மீ. சுவர்ப் பலகையைக் கணக்குப்படி எடுத்தால் 1.1 மி.மீ. வரும். வெயிலில் அப்பளம் போல வளைந்துவிடும். 3 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது அகலம்தான், அதில் நேர்மையாக இருந்தால் போதும்.

எதைக் கட்டுவதற்கு முன்னும் வண்டி உரசாமல் போகும் இடத்தை அளந்துவிட வேண்டும். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் இரு பக்கமும் பென்சில் கட்டி, பாதை ஓரம் அட்டை விரித்து வளைவில் தள்ளுங்கள். வளைவின் உள்பக்கம் பெட்டியின் வயிறும், வெளிப்பக்கம் அதன் மூலைகளும் எவ்வளவு தள்ளிப் போகின்றன என்று கோடு காட்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே 10 மி.மீ. விட்டு நடைமேடையை நிறுத்துங்கள். உயரத்துக்கு, புகைபோக்கி நுனிவரை அளந்து 25 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பலகையைக் குச்சியாக்குவது

அறுப்பதற்கு முன் ஆணி. கண்ணில் படும் ஆணியை எல்லோரும் பிடுங்குவார்கள், தலை உடைந்து உள்ளே கிடப்பதுதான் வாளின் பல்லை உடைக்கும். வலுவான காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் மெதுவாக ஓட்டுங்கள், இழுக்கும் இடத்தில் சாக்கட்டியால் குறியிடுங்கள். பித்தளைத் திருகு காந்தத்துக்கு அகப்படாது. பழைய சட்டத்தில் கீல் இருந்த இடங்களைக் கையால் தடவிப் பார்த்து, அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிடுங்கள். ஒருமுறை சோம்பேறித்தனத்தில் விட்டு, புது வாளில் மூன்று பல் போனது எனக்கு.

பிறகு பலகையைக் காயவிட வேண்டும். மழையில் கிடந்த மரத்தை அன்றே அறுத்தால் குச்சிகள் இரண்டு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். நிழலில், இடையிடையே சிறு கட்டை கொடுத்து, காற்றோடும்படி அடுக்கிச் சில வாரம் விடுங்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் எடுக்கலாம்.

எவ்வளவு பலகை வேண்டும் என்ற கணக்கு பலரைத் திகைக்கவைக்கும். 1 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்டவாள் இயந்திரம்) வாள் ஒவ்வொரு வெட்டிலும் 2.5 மி.மீ. மரத்தைத் தூளாக்கித் தின்னும். 13 மி.மீ. பட்டையாகக் கிழித்தால் ஆறு பட்டை கிடைக்கும், ஏழாவதற்கு இடம் போதாது. ஒவ்வொரு பட்டையையும் படுக்கவைத்து மறுபடி கிழித்தால் 13 மி.மீ. சதுரக் குச்சி ஒன்றும், 9.5-க்கு 13 மிச்சமும் வரும். மிச்சத்தை எறிய வேண்டாம், அதை நடுவில் பிளந்தால் 9-க்கு 5 கணக்கில் ஸ்லீப்பர் பட்டை இரண்டு. ஆக ஒரு பலகையிலிருந்து 6 மீட்டர் தூண் குச்சி, 12 மீட்டர் ஸ்லீப்பர் பட்டை. பேண்ட் சா (மெல்லிய பட்டைவாள் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்குச் சேதாரம் இன்னும் குறைவு, ஏழாவது பட்டையும் வந்துவிடும்.

டேபிள் சாவில் மெல்லிய குச்சி கிழிப்பது ஆபத்தான வேலை. வாளைச் சுற்றி இடைவெளி இல்லாத தகடு போடுங்கள், இல்லையென்றால் குச்சி உள்ளே விழுந்து அம்பு போலத் திரும்பிப் பாயும். தள்ளுகட்டை இல்லாமல் கையைக் கொண்டுபோகாதீர்கள். 30 செ.மீ.க்குக் குறைந்த துண்டை அந்த இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம், நீளமாகக் கிழித்துவிட்டுப் பிறகு கைவாளால் துண்டு போடுங்கள். மரத்தூள் மூச்சுக்கு ஆகாது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

நரைத்துப்போன பழைய மேற்பரப்பை இழைத்து எறிய மனம் வராது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வெளிமுகமாக வரும்படி திட்டமிட்டு அறுக்க வேண்டும். ஒரு பலகையில் இரண்டே நரைத்த முகங்கள்தான் உண்டு. நடைமேடைக்கும் கதவுக்கும் அவற்றை ஒதுக்குங்கள், பாலத்தின் உள்தூண்களில் வீணாக்க வேண்டாம்.

நான்காம் படி: அடித்தளம்

மண்ணும் மரமும் தொடக்கூடாது. ஈரம் ஏறுவதும் அந்த வழிதான், கறையான் ஏறுவதும் அந்த வழிதான். 10 முதல் 15 செ.மீ. ஆழம் தோண்டி, கூரான சில்லு ஜல்லி கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, மிதித்தால் நகரும். ஜல்லியின் மேல் கல்லோ சிமென்ட் பலகையோ வைத்து, ரசமட்டம் பார்த்து, அதன்மேல்தான் மரம். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில்கூட 5 மி.மீ. இடைவெளி தரும் பிளாஸ்டிக் வில்லைகள் வைப்பேன். சமமான இரண்டு பரப்பு ஒட்டிக்கொண்டால் நடுவில் தண்ணீர் படலமாக நின்றுவிடும்.

ஐந்தாம் படி: டிரெசில் பாலம்

டிரெசில் என்றால் மரச் சட்டகங்களை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் பாதை போடும் பாலம். தோட்ட ரயிலில் எல்லோர் கண்ணும் போவது இதற்குத்தான். பழைய மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானமும் இல்லை, எல்லாமே சின்னக் குச்சிகள், எல்லாப் பக்கமும் காற்று.

கட்டுவதற்கு முன் நிஜப் பாலங்களின் படங்களைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 1930-களின் தொடக்கத்தில் கட்டிய கோட் கேன்யன் பாலம், கனடாவின் வான்கூவர் தீவில் 44 மீட்டர் உயரமும் 187 மீட்டர் நீளமும் உள்ள கின்சால் பாலம், இரண்டுக்கும் தெளிவான படங்கள் ஏராளம் உண்டு. மீட்டர் பாதைக்காரர்களுக்குத் தாய்லாந்தில் குவே நோய் ஆற்றங்கரைப் பாறையை ஒட்டி நிற்கும் தாம் கிராசே மரப்பாலம். அதன்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது. 1942-43-இல் ஜப்பானிய ராணுவத்துக்காக அந்தச் சயாம்-பர்மா பாதையைப் போட்டுச் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தப் படங்களை அளவு எடுப்பதற்காக மட்டும் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

பாலத்தின் உறுப்புகள் சில. குறுக்காக நிற்கும் ஒவ்வொரு சட்டகத்தையும் தாங்கி என்று சொல்லிக்கொள்வோம். தாங்கியில் மேலே ஒரு தலைக்கட்டை, கீழே ஓர் அடிக்கட்டை, நடுவில் நான்கு தூண். தாங்கிகளின் தலைமேல் நீளவாக்கில் ஓடுவது உத்தரம், அதன்மேல் ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளம்.

தூண்கள் செங்குத்தாக நிற்பதில்லை. வெளித்தூண் 6-க்கு 1 சரிவு, அதாவது 6 செ.மீ. இறங்கினால் 1 செ.மீ. வெளியே போகும், சுமார் 9.5 டிகிரி. உள்தூண் 12-க்கு 1, சுமார் 4.8 டிகிரி. இந்தச் சரிவுதான் பாலத்துக்கு அந்தக் கம்பீரத்தைத் தருகிறது. எல்லாத் தூணையும் நேராக நிறுத்திய பாலம் மேசைக் கால் போல இருக்கும்.

1. முதலில் இருப்பதிலேயே உயரமான தாங்கியை ஒரு தட்டையான பலகையில் முழு அளவில் வரையுங்கள். தலைக்கும் அடிக்கும் நடுவில் 250 மி.மீ. என்று கொள்வோம். தலைக்கட்டை 110 மி.மீ. அதன் மையக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 15-இலும் 45-இலும் தூண்களின் தலை. அடியில் உள்தூண் மையத்திலிருந்து 36-க்கும், வெளித்தூண் 87-க்கும் போய்ச்சேரும். அடிக்கட்டை 220 மி.மீ. இருந்தால் இரு முனையிலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு அழகாக இருக்கும்.

2. கோடுகளின் இருபுறமும் சிறு கட்டைகளை ஆணியடித்து, குச்சி இறுக்கமாக உட்காரும்படி அச்சு செய்யுங்கள். பசை வழியும் இடங்களில் மெழுகு தேயுங்கள், இல்லையென்றால் முதல் தாங்கி அச்சோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்தும்.

3. உயரம் குறைந்த தாங்கிகளுக்குத் தனி அச்சு வேண்டாம். எல்லாத் தாங்கிக்கும் மேல்பகுதி ஒன்றேதான். அடிக்கட்டை வரும் கோட்டை மட்டும் அதே அச்சில் மேலே நகர்த்திக்கொண்டே போனால் 200, 150, 90 என்று எந்த உயரமும் கிடைக்கும். அந்தந்தக் கோட்டில் அந்த உயரத்தைக் குறித்துவையுங்கள்.

4. தூண்களைச் சரிந்த கோணத்தில் வெட்டுங்கள். இரு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். 250-க்கு வெளித்தூண் நீளம் 253.4 மி.மீ. வரும், அச்சில் வைத்தே குறித்தால் கணக்கே வேண்டாம்.

5. வெட்டிய முனைகளை எபாக்ஸிப் பசையில் தோய்த்துக் காயவிடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் குடிக்கும், பாலத்தில் இருப்பது அத்தனையும் வெட்டுமுனைதான். காய்ந்ததும் பசை பிடிக்க லேசாக உப்புத்தாள் காட்டுங்கள்.

6. அச்சில் அடுக்கி, பசையிட்டு (அடிக்கட்டைக்கு மட்டும் பசை வேண்டாம், காரணம் கடைசியில்), ஒவ்வொரு மூட்டிலும் தலைக்கட்டை வழியாகத் துளைபோட்டு ஒரு துருப்பிடிக்காத எஃகு ஆணி. துளை போடாமல் அடித்தால் இந்த அளவுக் குச்சி பிளந்துபோகும்.

7. முன்னும் பின்னும் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம், 3-க்கு 10 மி.மீ. பட்டையில். முன்பக்கம் ஒரு திசை, பின்பக்கம் எதிர்த்திசை என்று ஒவ்வொன்றாகப் போட்டால் போதும், தாங்கியை முன்னிருந்து பார்க்கும்போது பெருக்கல் குறி தானே தெரியும். ஒரே பக்கம் இரண்டையும் மேலுக்கு மேல் போட்டால் நடுவில் தண்ணீர் தங்கும்.

தாங்கிகளுக்கு இடைவெளி 200 மி.மீ. நிஜப் பாலத்தில் ஏறக்குறைய 15 அடி, விகிதமும் சரியாக வருகிறது. 2 மீட்டர் பாலத்துக்கு இரு கரையிலும் கல் அணை கட்டினால் நடுவில் ஒன்பது தாங்கி. ஒரு தாங்கிக்கு 1.35 மீட்டர் குச்சி என்றால் ஒன்பதுக்கு 12 மீட்டர், முன்பு சொன்ன பலகையில் இரண்டு. கீழே ஓடும் கரை பள்ளமும் மேடுமாக இருப்பதால் பாதித் தாங்கிகள் குட்டையாகத்தான் இருக்கும், மிச்சம் வரும்.

உத்தரத்துக்குத் தண்டவாளம் ஒவ்வொன்றின் நேர் கீழேயும் இரண்டு குச்சி, நடுவில் 3 மி.மீ. சந்து விட்டு. நிஜப் பாலங்களிலும் இந்தச் சந்து உண்டு, காற்றுக்காக. ஒரு குச்சியின் மூட்டும் பக்கத்துக் குச்சியின் மூட்டும் ஒரே தாங்கியின் மேல் வராதபடி மாற்றிமாற்றி வையுங்கள். வளைந்த பாலம் என்றால் 4 மி.மீ. பட்டைகளை வளைவு அச்சில் அடுக்கி ஒட்டி உத்தரம் செய்ய வேண்டும். அதை இரண்டாவது பாலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் பாலம் நேராகவே இருக்கட்டும்.

ஸ்லீப்பரை 20 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டால் 2 மீட்டருக்கு நூறு. பிளாஸ்டிக் ஸ்லீப்பரோடு வரும் தண்டவாளத்தை அப்படியே உத்தரத்தில் வைப்பவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி, பக்கத்திலிருந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று மறக்கக்கூடாது. பித்தளைத் தண்டவாளம் வெயிலில் நீளும். 10 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி வித்தியாசத்தில் ஏழெட்டு மி.மீ. மரம் வெப்பத்தில் நீளவாக்கில் அவ்வளவு நீளாது. தண்டவாளத்தைப் பாலம் முழுக்க இறுக்கி அறைந்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அது உங்கள் பாலம்தான். பாலத்தின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடித்து, மற்ற இடங்களில் பக்கவாட்டில் நகராமல் தலை தளர்ந்த ஆணிகளால் வழிகாட்டினால் போதும்.

ஆறாம் படி: நிலையம், கொட்டகை

பாலத்தைவிட இது கடினம் என்பது என் கருத்து. பாலம் திறந்தது, கட்டடம் மூடியது. மூடிய எதற்குள்ளும் ஈரம் மாட்டிக்கொள்ளும்.

சுவரை முழுக்க மரத்தில் செய்யாமல் உள்கூட்டை 6 மி.மீ. பி.வி.சி. பலகையில் செய்து, வெளியே மரப் பட்டைகளை உடுத்துகிறேன். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மரம் ரேகைக்குக் குறுக்காக ஊதிச் சுருங்கும், நீளவாக்கில் அசைவே இருக்காது. ஒரு சுவரைப் படுக்கையாகவும் அடுத்ததைச் செங்குத்தாகவும் ஒட்டினால் மூலை பிளக்கத்தான் செய்யும். உள்கூடு அசையாதது என்றால் ஒவ்வொரு பட்டையும் தன் பாட்டுக்குச் சிறிதளவு அசையும். பட்டைகளின் நடுவில் மட்டும் பசையை ஒரு கோடாகப் போட்டு, பட்டைக்குப் பட்டை ஒரு தாளின் தடிமன் சந்து விடுங்கள். பிளைவுட் உள்கூடு வேண்டாம், விளிம்பு நனைந்தால் ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

அடியில் தளம் போடாதீர்கள். நான்கு சுவரும் கூரையும் போதும், திறந்த அடியோடு வில்லைகள்மேல் உட்காரட்டும். காற்று கீழே நுழைந்து கூரை விளிம்பில் வெளியேற வழி இருக்க வேண்டும். கூரையைக் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். விளக்கு மாற்றவும் எறும்புக் கூட்டத்தைக் குடிபெயர்க்கவும் அது தேவைப்படும்.

கூரைக்கு மரச் சில்லு. நேர் ரேகையுள்ள செடார்த் துண்டை 25 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, உளியை ரேகையோடு வைத்துத் தட்டினால் 1.5 மி.மீ. சில்லுகளாகத் தெறிக்கும். அறுத்த சில்லைவிடப் பிளந்த சில்லு தண்ணீரை நன்றாக வழியவிடும், நார் அறுபடாமல் இருப்பதால். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கை மூட, சில்லுகளின் சந்துகள் ஒன்றன்கீழ் ஒன்று வராமல் அடுக்குங்கள். சுவரைத் தாண்டி 20 மி.மீ.யாவது கூரை நீளட்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம், 1 மி.மீ. பாலிகார்பனேட் போதும். ஜன்னல் கீழ்ச்சட்டத்தை வெளிப்பக்கம் சரித்து வையுங்கள்.

நடைமேடை செய்ய ஒரு நாள் மாலை போதும். நரைத்த பலகையைச் சந்து விட்டு அடுக்கி, முன்னே வரைந்த பென்சில் கோட்டைத் தாண்டாமல் வைத்தால் வேலை முடிந்தது.

பசையும் ஆணியும்

வெள்ளைப் பி.வி.ஏ. பசையின் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். வெளியே வைக்கும் எதற்கும் ஐரோப்பியத் தர வரிசையில் டி4 (D4) என்று குறித்த பசையோ, பாலியூரித்தேன் பசையோ, எபாக்ஸியோ வேண்டும். பாலியூரித்தேன் காயும்போது நுரைத்து ஊதும், குறைவாகப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தேக்கு போன்ற எண்ணெய் மரத்தை ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்தால் பிடிப்பு கூடும். உடனடிப் பசை தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும். அது கண்ணாடி போல இறுகிவிடும், மரம் அசைந்தால் தெறிக்கும்.

பசையை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி இருக்கட்டும். சாதாரண இரும்பு ஆணி ஓக், செடார் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கண்ணீர் வடித்தது போலக் கறுப்புக் கோடு விடும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைதான்.

வயதாக்குவது

புதிதாக அறுத்த முகமும் பழைய நரைத்த முகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒட்டாது. சூரியன் ஒரு வருடத்தில் செய்வதை ஒரு மணி நேரத்தில் செய்யும் வழி ஒன்று உண்டு. எண்ணெய் நீக்கிய எஃகுக் கம்பளியை வினிகரில் ஓரிரு நாள் ஊறவைக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு வரும், மூடியை இறுக்காதீர்கள், நெருப்பு பக்கத்தில் வேண்டாம். துணியில் வடிகட்டினால் கிடைப்பது இரும்பு அசிடேட். மரத்தில் உள்ள டானினைத் தொட்டதும் அது சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறும். டானின் குறைந்த மரம் என்றால் முதலில் கடுந்தேயிலை டிகாக்ஷனைத் தடவிக் காயவிட்டுப் பிறகு இதைப் பூசுங்கள். மரத்துக்கு மரம் நிறம் மாறும், கழிவுத் துண்டில் பார்த்துவிட்டே செய்யுங்கள். ஒட்டிய பிறகு பூசினால் பசை பட்ட இடம் வெளுப்பாகவே நின்று காட்டிக்கொடுக்கும். ஆகவே பசைக்கு முன் இது.

வார்னிஷ் போடாதீர்கள். எங்கோ ஓரிடத்தில் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஊடுருவும் எண்ணெய் போதும். ஆளி விதை எண்ணெய் பூசினால் ஒரு முன்னெச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் போட்டு மூடுங்கள்.

நிறுத்திய பிறகு

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ஸ்லீப்பர்களுக்கு இடையே அடைத்த சருகை ஒரு பழைய பல்துலக்கியால் கிளறி எடுங்கள், சருகுதான் ஈரத்தைப் பிடித்துவைப்பது. தாங்கிகளின் அடிக்கட்டையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கெடுவது அங்கேதான் தொடங்கும், அதனால் நான் அடிக்கட்டைகளை மட்டும் ஒட்டாமல் ஆணியால் மட்டும் பிடித்திருக்கிறேன். என் முதல் பாலத்தில் இதுவரை இரண்டு அடிக்கட்டை மாற்றியாயிற்று, மேலே தண்டவாளத்தைக்கூடத் தூக்காமல். கல்லில் ஏறும் மண்குழாய் தெரிந்தால் கறையான் வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். குழாயை உடைத்து, அது கிளம்பிய இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும், ஜல்லிமேல் யாரோ பூந்தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.